46 வெள்ளிக் கழிவும் சமையலறைச் சுவரும்

போன வாரம் ஏஜெண்ட் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தங்கச்சி, காடி இன்சூரன்ஸ் அடுத்த மாசம் 14ஆம் தேதி முடியுது. இந்தத் தடவை வீட்டுக்கும் காடிக்கும் ஒரே கம்பெனியில போட்டுறலாமா? ரெண்டும் ஒண்ணா எடுத்தா வீட்டுக்குப் பத்து பர்சன்ட் கழிவு குடுக்குறாங்க. யோசிச்சுச் சொல்லுமா." காடி என்று அவர் சொல்வது காரை.

அவர் எங்கள் குடும்பத்துக்கு இருபது வருடப் பழக்கம். அப்பாவின் பழைய காருக்கு ரோட் டாக்ஸ் எடுத்துக் கொடுத்த காலத்திலிருந்து வீட்டுக்கு வந்து போகிறவர். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் 'ரெண்டும் ஒண்ணா' என்று காதில் விழுந்ததும் என் கண் சமையலறைச் சுவருக்குத்தான் போனது. கேஸ் தோங் வைக்கும் மூலையில் மட்டும் நாங்கள் சாயம் அடிக்காமல் விட்டிருக்கிறோம். முழங்கால் உயரத்தில், ஆறிப்போன காப்பியின் நிறத்தில், ஒரு கோடு. 2017 நவம்பரில் தண்ணீர் நின்ற மட்டம் அது. அதையும் மூடிவிடலாம் என்று கணவர் இரண்டு முறை சாய டின்னோடு வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன்.

அந்தக் கோட்டுக்கும் காப்புறுதிக் கழிவுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல வேண்டுமானால் 2016இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வருடம் வீட்டுக் கடனை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றினோம். கையெழுத்துப் போடப் போன அன்று கவுண்டரில் இருந்த பெண் வீட்டுக் காப்புறுதித் தாளை நீட்டினார். கூடவே, கார் காப்புறுதியையும் அவர்கள் சொல்லும் கம்பெனியிலேயே எடுத்துக்கொண்டால் 46 வெள்ளி, அதாவது 46 ரிங்கிட், கழிவு என்றார். நான் பினாங்கில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். எண்ணைக் கண்டால் நிற்பேன். 46 வெள்ளி நல்ல எண்ணாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடமும் அப்படியே புதுப்பித்தேன். இரண்டு பாலிசிகளின் தலைப்பையும் விலையையும் பார்த்தேனே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. தீபாவளி முடிந்து இரண்டரை வாரம். மழை விடாமல் பெய்தது, காற்றும் சாதாரணக் காற்று இல்லை. எங்கள் வீடு ஜாலான் பி. ரம்லிக்குக் கொஞ்சம் தள்ளி. அந்தப் பக்கம் தண்ணீர் ஏறுவது பினாங்குக்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனால் அதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் படியை அது தாண்டியதே இல்லை. அன்று இரவு பின்பக்க வடிகால் வழியாகச் சமையலறைக்குள் வந்தது. அம்மாவை மேல் மாடிக்கு ஏற்றிவிட்டு, அரிசி மூட்டையையும் சாமி படங்களையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். கார் போர்ச்சில் நின்றிருந்தது. அதை எங்கே கொண்டு போவது? வெளியே சாலையில் தண்ணீர் இன்னும் ஆழமாக இருந்தது.

விடிந்து பார்த்தபோது தீபாவளி விற்பனையில் வாங்கிய சலவை இயந்திரம் சாய்ந்து கிடந்தது. ஐஸ்பெட்டி சேற்றுத் தண்ணீரில் மிதந்து வாசற்படிவரை வந்திருந்தது. சமையலறை அலமாரியின் அடிப்பலகைகள் ஊறிப்போய் ரொட்டி மாதிரி உப்பின. காரில் இருக்கைகளுக்குக் கீழே தண்ணீர் தளும்பியது.

திங்கட்கிழமை அந்தக் காப்புறுதிக் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். ரொம்ப நேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். வீட்டு பாலிசி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் தீக் காப்புறுதி. தீ, மின்னல், வீட்டு கேஸ் வெடிப்பு, அவ்வளவுதான். வெள்ளம் அதில் கிடையாது. கார் பாலிசியை 'முழுமைக் காப்புறுதி' என்பார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் இருந்தேன். விபத்து, தீ, திருட்டு எல்லாம் அதில் உண்டு. வெள்ளம், நிலச்சரிவு, புயல் போன்ற இயற்கைச் சீற்றத்துக்குத் தனியாகக் காசு கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. சேர்க்கலாம் என்று கவுண்டரில் யாரும் சொல்லவும் இல்லை. கழிவைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன். கார் 3,900 வெள்ளி. சலவை இயந்திரம் 1,250. ஐஸ்பெட்டி 1,800. அலமாரி 2,600. மொத்தம் 9,550. வருடத்துக்கு 46 வெள்ளி மிச்சம் பிடித்து அந்தத் தொகையைச் சேர்க்க வேண்டுமானால் 207 வருடத்துக்கு மேல் ஆகும். அந்தப் பழைய காருக்கு வெள்ளக் காப்பு சேர்த்திருந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 70 வெள்ளிதான் ஆகியிருக்கும்.

சரி, இப்போது அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். இரண்டையும் சேர்த்து எடுத்தால் உண்மையிலேயே காசு மிஞ்சுமா?

அக்கா மகன் எனக்கு அமெரிக்க வீடியோக்களாக அனுப்பித் தள்ளினான். அங்கே வீடும் காரும் ஒரே கம்பெனியில் எடுப்பது ரொம்பச் சாதாரணம். இருபது, இருபத்தைந்து விழுக்காடுவரை கழிவு என்று விளம்பரம் வரும். அங்கே அந்தக் கணக்கு எடுபடுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக் காப்புறுதியே வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று போகும். பெரிய தொகையில் கழிவு கிடைத்தால் கையில் தெரியும். நம் ஊரில் அது தலைகீழ். காருக்குத்தான் அதிகம் கட்டுகிறோம். வீட்டுக்குச் சில நூறு வெள்ளிதான், அதையும் பாதிப் பேர் எடுப்பதில்லை என்று தைரியமாகச் சொல்வேன், என் தெருவைப் பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொரு தலைகீழும் உண்டு. அமெரிக்காவில் சாதாரண வீட்டு பாலிசியில் வெள்ளம் சேராது, அதற்கு அரசாங்கத்தின் தனித் திட்டம் இருக்கிறது. கார் முழுமைக் காப்புறுதியில் வெள்ளம் சேரும். இங்கே 'ஹவுஸ் ஓனர்' என்ற வீட்டு பாலிசியில் வெள்ளம் சேரும், காரில் சேராது. அங்கே ஒருவர் சொல்லும் அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துப் போட்டால், அங்கே ஓட்டை இல்லாத இடத்தில் இங்கே ஓட்டை இருக்கும். அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். அதற்கப்புறம் வீடியோ வருவது நின்றுவிட்டது.

இப்போது என் எண்களைப் போடுகிறேன். கார் 1.5 மைவி, காப்புத் தொகை 42,000 வெள்ளி. அண்ணன் கொடுத்த விலையில் அடிப்படை பிரீமியம் 1,400. கிளைம் செய்யாமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் கழிவான என்சிடி எனக்கு 55 விழுக்காடு, அதாவது 770 வெள்ளி கழிந்து 630. வெள்ளக் காப்புக்கு 105. முன் கண்ணாடிக்கு 120. ஆக 855. வீட்டுக்குக் கட்டடம் 3 லட்சம், உள்ளே இருக்கும் சாமான் 40,000 என்று வைத்து பிரீமியம் 380. இரண்டையும் சேர்த்தால் வீட்டுக்கு 10 விழுக்காடு, 38 வெள்ளி குறையும். 855உம் 342உம் சேர்ந்து 1,197. இதற்கு மேல் 8 விழுக்காடு சேவை வரி. முத்திரைக் கட்டணம் ஒரு பாலிசிக்குப் பத்து வெள்ளி. 'ஒண்ணா' எடுத்தாலும் பாலிசி இரண்டு, எண் இரண்டு, முத்திரையும் இரண்டுதான்.

அதே காரை, அதே காப்போடு, ஏஜெண்ட் இல்லாமல் நேரடியாக இணையத்தில் எடுத்தால் ஏஜெண்டுக்குப் போகும் 10 விழுக்காடு நமக்கே கழிவாகத் திரும்பும். 855இல் 85 வெள்ளி 50 சென். கார் 769.50, வீடு கழிவில்லாமல் 380, மொத்தம் 1,149.50. சேர்த்து எடுப்பதைவிடத் தனித்தனியாக எடுப்பது 47 வெள்ளி 50 சென் மலிவு. 38 வெள்ளிக் கழிவைப் பிடிக்கப் போய் 85 வெள்ளியை விட்டிருப்பேன்.

இதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2017 ஜூலை 1க்கு முன்னால் முழுமைக் காப்புறுதியின் அடிப்படை விலை எங்கே போனாலும் ஒன்றுதான், அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். அப்போது விலை கேட்டு அலைவதில் பயனே இல்லை. இப்போது ஓட்டுகிறவரின் வயது, காரின் ரகம், எந்த ஊர், எத்தனை முறை கிளைம் செய்தார் என்று பார்த்து ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விலை போடுகிறது. அதனால் வருடா வருடம் இரண்டு மூன்று இடத்தில் கேட்பதற்குப் பலன் உண்டு. வீட்டையும் அதோடு கட்டிப்போட்டால் அந்தக் கேள்வியைக் கேட்பதையே நிறுத்திவிடுவோம். நான் 2016இல் அப்படித்தான் கட்டிப்போட்டேன்.

மேலே போட்ட எண்களில் எது பெரியது என்று திரும்பிப் பாருங்கள். 38 இல்லை, 85 இல்லை, 770. கிளைம் செய்யாமல் ஓட்டினால் கிடைக்கும் என்சிடிதான் நம் காருக்கு உண்மையான கழிவு. முதல் வருடம் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் வருடம் 55. நம் தவற்றால் ஒரு முறை கிளைம் செய்தால் சைபருக்கு விழும். போன வருடம் சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் தூணில் உரசி என் பின் பம்பர் உடைந்தது. ஒர்க்‌ஷாப்பில் 650 வெள்ளி கேட்டார்கள். "கிளைம் பண்ணிக்கலாமே அக்கா" என்றான் அங்கிருந்த பையன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிளைம் செய்தால் அடுத்த வருடம் 55 விழுக்காடும் போகும். அதற்கடுத்த வருடம் 25 மட்டும் கிடைக்கும், அதாவது 30 இழப்பு. பிறகு 25, 16.67, 10. பழைய இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் மொத்தம் ஒரு வருட அடிப்படை பிரீமியத்தில் 136.67 விழுக்காடு இழக்கிறேன். 1,400க்கு அது 1,913 வெள்ளி. கையிலிருந்து 650 கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே சமயம் அடுத்தவன் வந்து நம்மை இடித்தால் கதை வேறு. சில வருடங்களுக்கு முன் கிரீன் லேனில் சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது ஒரு வேன் பின்னால் வந்து மோதியது. ஏஜெண்ட் அண்ணன்தான் போலீஸ் நிலையத்துக்கு வந்து கூடவே உட்கார்ந்திருந்தார். 24 மணி நேரத்துக்குள் புகார் எழுத வேண்டும். அதைவிட முக்கியமாக, "கே.எஃப்.கே. கிளைம்னு சொல்லுமா, அந்த வார்த்தைய விட்டுறாதே" என்றார். தவறு நம்முடையது இல்லாதபோது நம் கம்பெனியிலேயே பழுதுபார்ப்புச் செலவை வாங்கிக்கொண்டு, நம் என்சிடியைத் தொடாமல் வைக்கும் வழி அது. அந்த மூன்று எழுத்து தெரியாமல் என்சிடியை இழந்தவர்களை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். ஏஜெண்டுக்குப் போகும் 85 வெள்ளியை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். கிளைம் என்றால் கை நடுங்குகிறவர்களுக்கு அது மலிவு.

சேர்த்து எடுப்பதற்கு விற்பவர்கள் சொல்லும் இன்னொரு காரணம் வசதி. ஒரே கம்பெனி, ஒரே ஃபோன், ஒரே அலைச்சல். அக்காவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். அவள் ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறாள். 2021 டிசம்பர் 18. அதுவும் ஒரு சனிக்கிழமைதான். நான்கு வருடம் முன்பு நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு அவள் காருக்கு வெள்ளக் காப்பு சேர்த்திருந்தாள், வீட்டுக்கு ஹவுஸ் ஓனர் பாலிசி எடுத்திருந்தாள், இரண்டும் ஒரே கம்பெனியில். தண்ணீர் வடிந்த பிறகு காரைப் பார்க்க ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். வீட்டைப் பார்க்க இன்னொருவர், ஒன்பது நாள் கழித்து வந்தார். ஒருவர் எடுத்த படம் மற்றவருக்குப் போகவில்லை. கார் பிரிவுக்கு ஒரு எண், வீட்டுப் பிரிவுக்கு ஒரு எண், இரண்டு இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அத்தான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு யார், எப்போது, என்ன சொன்னார் என்று எழுதி வைத்ததால்தான் தப்பித்தார்கள்.

கார் பணம் வந்தது. வீட்டில் சுவர், கதவு, மின்கம்பி வேலைக்குப் பணம் வந்தது. சோஃபா, மெத்தை, தொலைக்காட்சி, பிள்ளைகளின் கணினி, எதற்கும் வரவில்லை. ஏனென்றால் ஹவுஸ் ஓனர் பாலிசி கட்டடத்துக்கு. உள்ளே இருக்கும் சாமானுக்கு 'ஹவுஸ் ஹோல்டர்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. பெயர் இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தால் யாருக்குத்தான் வித்தியாசம் தெரியும்? அக்கா அன்று ஃபோனில் அழவில்லை. "பேரை இன்னும் கொஞ்சம் வேற மாதிரி வச்சிருக்கக் கூடாதாடி" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வெள்ளத்தின் நாட்டு மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா பிறகு கணக்குக் கொடுத்தது. அதில் குடியிருப்புகள் 160 கோடி, வாகனங்கள் 100 கோடி. பெரிய எண்களாக இருந்தாலும் எனக்கு அதில் தெரிவது போர்ச்சும் சமையலறையும்தான். வெள்ளம் வந்தால் வீடும் காரும் சேர்ந்தேதான் நனைகின்றன. வீட்டையும் காரையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே கம்பெனியில் இருக்கிறதா என்பது அப்புறம். இரண்டு தாளிலும் வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா, உள்ளே இருக்கும் சாமானுக்குப் பெயர் இருக்கிறதா என்பதுதான் முதலில்.

தொகையையும் பார்க்க வேண்டும். வங்கி வழியாக எடுத்த என் பழைய பாலிசியில் காப்புத் தொகை கடன் பாக்கியை ஒட்டித்தான் இருந்தது. வீட்டை மறுபடி கட்ட என்ன செலவாகும் என்று யாரும் கணக்கிடவில்லை. இது ஆபத்து. கட்ட 3 லட்சம் ஆகும் வீட்டை 2 லட்சத்துக்குக் காப்புறுதி செய்து, 60,000 வெள்ளிக்குச் சேதம் வந்தால் 60,000 கிடைக்காது. மூன்றில் இரண்டு பங்குக்குத்தானே காப்புறுதி செய்தீர்கள் என்று 40,000தான் தருவார்கள். வீட்டின் சந்தை விலையை எழுதுவதும் தவறு, அதில் நிலத்தின் விலையும் கலந்திருக்கும். நிலம் எரியவும் செய்யாது, மிதந்து போகவும் செய்யாது. அப்புறம் எம்.ஆர்.டி.ஏ. எடுத்திருக்கிறேன், அதுதான் வீட்டுக் காப்புறுதி என்று பலர் நினைக்கிறார்கள். நாம் இறந்துபோனாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ கடனை அடைப்பது அது. சுவருக்கும் கூரைக்கும் அதில் ஒரு காசும் இல்லை.

என் தம்பி ரெலாவில் அடுக்குமாடியில் இருக்கிறான். அவனுக்கும் ஒரு 'சேர்த்து எடு' சலுகை வந்தது, காரோடு ஹவுஸ் ஓனர் பாலிசியும் 15 விழுக்காடு கழிவில். வேண்டாம் என்று தடுத்தேன். 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கட்டடம் முழுவதற்கும் காப்புறுதி எடுக்க வேண்டியது நிர்வாகக் குழு. அதற்கான பங்கை அவன் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறான். அதே சுவருக்கு இரண்டாவது முறை கட்டுவதற்கு 15 விழுக்காடு கழிவு எதற்கு? நிர்வாக அலுவலகத்தில் பாலிசி நகலை வாங்கி, வெள்ளம், குழாய் உடைப்பு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாமானுக்கும் உள்ளே செய்த புதுப்பிப்பு வேலைக்கும் மட்டும் ஹவுஸ் ஹோல்டர் எடுத்தான். அவன் தொகை பாதிக்கும் கீழே வந்தது.

சேர்த்து எடுப்பது நல்லதே இல்லையா என்றால், ஒரு விஷயத்துக்காக நான் அதை மதிக்கிறேன். காருக்குக் காப்புறுதி இல்லாமல் ரோட் டாக்ஸ் எடுக்க முடியாது, அதனால் யாரும் மறப்பதில்லை. வீட்டுக்கு அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். கடன் முடிந்த வீடு என்றால் வங்கியும் கேட்காது. ஜெலுத்தோங்கில் என் சிற்றப்பா வீடு கடன் முடிந்து பதினோரு வருடமாக ஒரு பாலிசியும் இல்லாமல் நின்றது, அவருக்கே அது தெரியாது. காரோடு சேர்த்தால் வருடம் ஒருமுறை வீட்டின் ஞாபகமும் வரும். அவரைப் போன்றவர்களுக்கு நானே போய்ச் சொல்வேன், சேர்த்தே எடுங்கள், 47 வெள்ளி போனால் போகட்டும் என்று. சிற்றப்பாவுக்கு அப்படித்தான் எடுத்தோம்.

எனக்கு அந்த ஞாபகத்துக்கு ஒரு கம்பெனி தேவையில்லை. வீட்டு பாலிசியின் தேதியைக் கார் பாலிசியின் தேதிக்கே மாற்றிக்கொண்டேன். இரண்டும் 14ஆம் தேதி.

அண்ணனுக்கு நேரில்தான் சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமை வரச் சொன்னேன். தே தாரே போட்டுக் கொடுத்துவிட்டு என் கணக்குத் தாளைக் காட்டினேன். காரை இந்த முறை நேரடியாக எடுக்கிறேன், வீட்டை நீங்கள் பாருங்கள் என்றேன். சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் தாளை மேலிருந்து கீழே படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரிமா, கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். "ஆனா வீட்ட நான் ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டுத்தான் போடுவேன்."

எழுந்து நடந்தார். முன் கதவு, கூரை, மேல் மாடி எல்லாம் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். அந்தக் கோட்டின் முன்னால் நின்றார். குனிந்து விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பி, அம்மாவுக்காக 2019இல் நாங்கள் நீட்டிக் கட்டிய பகுதியைக் காட்டினார்.

"இது எப்போமா கட்டுனீங்க? 3 லட்சத்துல இது சேரலையே."

சேரவில்லை. பழைய வீட்டின் அளவுக்குத்தான் 3 லட்சம் போட்டிருந்தேன். கணக்குப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. கட்டிய செலவு ரசீதுகளை எடுத்து வந்து இருவரும் மேசையில் உட்கார்ந்தோம். கட்டடம் 3 லட்சத்து 40 ஆயிரம் என்று மாற்றினார். பிரீமியம் 380இலிருந்து 425 ஆனது. 45 வெள்ளி கூடுதல். காருக்கு 769.50, வீட்டுக்கு 425, மொத்தம் 1,194.50. சேர்த்து எடுத்திருந்தால் ஆகியிருக்கும் 1,197ஐவிட இரண்டரை வெள்ளி குறைவு, இப்போது பின்கட்டும் உள்ளே இருக்கிறது.

அவர் கிளம்பும்போது அம்மா வெள்ளம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அண்ணன் மறுபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான்காம் பக்கத்தைத் திறந்து, அந்த வரியின் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்லிக் காட்டினார்.